பாத்ரூம் கதவுக்கு வெளியே நிக்கற அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க எழுத்த ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இதான் முதல் தடவ. எனக்கு ஒரே பொண்ணு, 26 வயசு. ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குன்னு குடுத்த மாத்திரைல ஆரம்பிச்சு அதுக்கே அடிமையாயிட்டா. ரீஹேப்ல இருந்துட்டு வீட்டுக்கு வந்து 4 மாசம் ஆகுது. அவளப் பாத்துக்கத்தான் நான் வேலைய விட்டேன். ராத்திரி தூக்கம் இல்ல. அவ பாத்ரூம் போனா கதவுக்கு வெளியே நின்னு காது குடுத்துக் கேக்கறேன், பையத் தொறந்து பாக்கறேன், கண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறேன். இப்ப வேற ஊர்ல ஒரு வேலை கெடச்சிருக்கு, போறேங்கறா. அனுப்பலாமா? டாக்டர் நாக்குக்கு அடியில வைக்கற பூப்ரினார்ஃபின் குடுத்திருக்கார், ஒரு போதைய விட்டு இன்னொரு போதையான்னு எனக்குத் தோணுது, நிறுத்துடின்னு சொல்லிட்டே இருக்கேன். சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது? நான் வளத்ததுல எங்க தப்பு நடந்துச்சு?

ம.

அன்புள்ள ம,

உடனே பதில் எழுதறதுக்குக் காரணம் இருக்கு. என் அக்கா பொண்ணு சமீபத்துல ஒண்ணு சொன்னா, அதுலேர்ந்து இதே விஷயம்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. அதுக்கு வர்றேன்.

முதல்ல மாத்திரை. இதக் கோவமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. அத நிறுத்தச் சொல்ல நீங்க யாரு? டாக்டரா? பூப்ரினார்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல 2005லயே வந்தாச்சு. அந்த வலி மாத்திரை மூளைல எங்க போய் ஒட்டிக்கிச்சோ அதே எடத்துலதான் இதுவும் போய் ஒட்டிக்கும், ஆனா அரைகுறையாத்தான் வேலை செய்யும், ஒரு அளவுக்கு மேல டோஸ ஏத்தினாலும் அதோட வேகம் ஏறாது, உடம்போட தவிப்ப மட்டும் அடக்கி வைக்கும். 2017ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்திருந்தாங்க. இந்த மருந்துல இருக்கறப்ப வருஷத்துக்கு 1000 பேர்ல 4 பேர் போல செத்திருக்காங்க, மருந்த விட்டவங்கள்ல 9 பேருக்கு மேல. ஏன்னா கொஞ்ச நாள் விட்டு இருந்த உடம்புக்குப் பழைய தாங்கற சக்தி இருக்காது, அன்னிக்கு சாதாரணமா போட்ட அதே அளவ இன்னிக்குப் போட்டா மூச்சு நின்னுடும். அதனால இனிமே அந்தப் பேச்ச எடுக்காதீங்க. நலோக்சோன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, மூச்சு அடங்கற நேரத்துல உயிரத் திருப்பிக் கொண்டு வர்ற மருந்து அது, எப்படிக் குடுக்கறதுன்னு கத்துக்கோங்க. வாங்கி வெச்சா நடந்துடுமோன்னு பயப்பட வேண்டாம்.

வளப்பு பத்தின கேள்வி... ஆபரேஷன் பண்ணினது நீங்களா, மருந்துச்சீட்டு எழுதினது நீங்களா? விடுங்க. சொந்தக்காரங்களுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, அது அவ கதை, தோணினா அவளே சொல்லுவா.

இப்ப அந்த பாத்ரூம் கதவு.

என் அக்கா பொண்ணுக்குக் குடி. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.) விட்டுட்டு வீட்டுக்கு வந்த புதுசுல எங்க அக்காவும் உங்கள மாதிரியே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு கண்கொத்திப் பாம்பா அவளயே பாத்துட்டு ஒக்காந்திருப்பா. பொண்ணு உள்ள போய் குழாயத் தொறந்தா இவ கதவுகிட்ட போய் நின்னுக்குவா, தண்ணி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் கேட்டா போதும், "என்னடி பண்ற உள்ள"ன்னு ஒரு தட்டு. உள்ள அவ என்ன பண்ணிட்டு இருந்தாங்கறத இப்பத்தான் என்கிட்ட சொல்றா. அழுதுட்டு இருந்திருக்கா. வெளியே கேக்கக் கூடாதேன்னு குழாயத் தொறந்து விட்டுட்டு, துண்ட வாய்ல வெச்சு அமுக்கிக்கிட்டு. "குடிக்கணும் போல இருக்கும் சித்தி, ஒடம்பே பறக்கும். அம்மாகிட்ட சொன்னா அவ அப்படியே மடங்கி ஒக்காந்துடுவா, சாப்பிட மாட்டா, அப்புறம் நான்தான் அவளத் தேத்தணும். என்னால அத வேற தூக்க முடியல. மூஞ்சியக் கழுவிட்டு சிரிச்சுட்டே வெளியே வந்துடுவேன்"னா.

அப்படி சிரிச்சுட்டே வந்த ஒரு நாள்தான் திரும்பவும் குடிச்சா. "ஒண்ணுமே தெரியலயே, நல்லாத்தானே இருந்தா"ன்னு எங்க அக்கா என்கிட்ட அழுதா. எப்படித் தெரியும்? பாட்டில் சத்தம் கேக்குதான்னுதானே காது குடுத்துக்கிட்டு நின்னா.

ம, உங்ககிட்ட நான் கேக்கறது இது ஒண்ணுதான். "அம்மா, இன்னிக்கு அந்த மாத்திரை வேணும் போல இருக்கு"ன்னு உங்க பொண்ணு உங்ககிட்ட வாய் விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னா உங்க முகம் என்ன ஆகும்? அவ சொல்றத விட சொன்னதுக்கு அப்புறம் உங்க முகத்ததான் பாப்பா, அத வெச்சுத்தான் அடுத்த தடவ சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவா. கிரேவிங், அதாவது வேணும் வேணும்ங்கற அந்தத் தவிப்பு, வந்தா அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள ஏறி இறங்கிடும், அந்த நேரத்துல கூட ஒரு ஆள் இருந்தா போதும், பக்கத்துல ஒக்காந்து பிரசங்கம் பண்ற ஆள் இல்ல. "சரி வா, வெளியே ஒரு நடை போயிட்டு வரலாம்"னு செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. "எப்பலேர்ந்துடி இருக்கு, கவுன்சிலருக்கு போன் பண்ணலாமா"ன்னு கேளுங்க. "இவ்ளோ பண்ணியும் இன்னுமா"ன்னு மட்டும் வாய்ல வரக்கூடாது.

ரிலாப்ஸ் ஆனா, அதாவது பழக்கம் திரும்ப வந்துட்டா, எல்லாம் போச்சுன்னு நீங்க நினைக்கறதாலதான் முகம் அப்படி ஆகுது. போதைப் பழக்கத்துல 40லேர்ந்து 60 சதவீதம் பேருக்குத் திரும்ப வருதுங்கறாங்க, பிபிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுக்கறவங்கள்ல 50லேர்ந்து 70 சதவீதம் பேருக்கு. பிபி ஏறினா வீட்ல ஒப்பாரியா வைக்கறோம், டாக்டர்கிட்டதானே போறோம்.

அப்ப நான் எங்க போய் அழறதுன்னு கேப்பீங்க. அழுங்க, தாராளமா, ஆனா அவகிட்ட வேண்டாம். குடிக்கறவங்க வீட்டு மனுஷங்களுக்குன்னு 1951லயே ஆலனான்னு ஒரு உதவிக் குழு ஆரம்பிச்சாங்க, போதைப் பழக்கம் உள்ளவங்க வீட்டுக்கு நாரனான் இருக்கு, ஒரு கவுன்சிலர் இருந்தாலும் சரி, நெருங்கின தோழி இருந்தாலும் சரி. ராபர்ட் மேயர்ஸ்னு ஒருத்தர், சிகிச்சைக்கே வர மாட்டேன்னு அடம்பிடிக்கறவங்களோட குடும்பத்துக்காக 'கிராஃப்ட்'னு ஒரு பயிற்சி முறைய உருவாக்கினார். திட்டாம எப்படிப் பேசறது, நல்லா இருக்கற நாள்ல அத எப்படிச் சொல்றதுன்னு சொல்லித் தர்றதோட, குடும்பத்துக்காரங்க தன் வாழ்க்கைய சரி பண்ணிக்கறதும் அதுல ஒரு பாடம். 1999ல வந்த ஆய்வுல அந்த வழில போன குடும்பங்கள்ல 64 சதவீதத்துல ஆள் சிகிச்சைக்கு வந்தாங்க, எல்லாரும் சேந்து எதிர்ல ஒக்கார வெச்சு நெருக்கற முறைல 30 தான்.

உங்க வாழ்க்கைய சரி பண்ணிக்கறதுன்னா முதல்ல வேலைக்குத் திரும்பிப் போங்க. வேலைய விடச் சொல்லி அவ கேட்டாளா? நீங்களா ஒரு தியாகத்தப் பண்ணி அந்தக் கடன அவ தலைல ஏத்தி வெச்சிருக்கீங்க, இனிமே கால் வழுக்கினா மாத்திரைக்கு மட்டும் இல்ல, உங்க சம்பளத்துக்கும் தூக்கத்துக்கும் சேத்து அவ பதில் சொல்லணும். எந்தப் பொண்ணு அதத் தாங்குவா சொல்லுங்க. பாசம் இல்லாம நீங்க இதப் பண்ணலன்னு தெரியும், அந்தப் பாசத்துக்குத்தான் இவ்ளோ நேரம் ஒக்காந்து எழுதறேன்.

வேற ஊர் வேலைன்னு என்னவோ கேட்டிருந்தீங்க இல்ல? மருந்து தடையில்லாம அங்க கெடைக்குமா, பாக்கறதுக்கு டாக்டர் இருக்காரான்னு அவ விசாரிக்கட்டும், மிச்சத்த அவளும் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

ஆமா, இந்தக் கடிதம் அனுப்பினது அவளுக்குத் தெரியுமா? அவ பேரு, வேலை பாத்த ஆபீஸ் பேரு எல்லாம் எழுதியிருந்தீங்க, நான்தான் எடுத்துட்டுப் போடறேன். அடுத்த தடவ அவகிட்ட காட்டிட்டு அனுப்புங்க. இல்ல, அவளையே எழுதச் சொல்லுங்களேன், உங்களப் பத்தி அவ என்ன எழுதறான்னு பாக்க எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.