மெல்பர்னில் தெருநாய் இல்லை, ஆனால் தலைக்கு மேலே பாருங்கள்

தம்பி, மெல்பர்னின் புறநகரான கிளேட்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அக்டோபரில் நடக்கும் மெல்பர்ன் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். "ஊரில் விடியற்காலையில் ஓடப்போனால் தெருநாய்தான் பெரிய தொல்லை. இங்கே அதுவும் இல்லை, நடைபாதையும் பளிச்சென்று இருக்கிறது. வேறு எதற்காவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்க வேண்டும். நம் ஊரில் ஓடிப் பழகியவனுக்குக் கண் தரையிலேயே இருக்கும்: குழி, கல், மூடாத சாக்கடை. காதோ பின்னால் வரும் ஹாரன்மேல். இங்கே தரை சமமாக இருக்கிறது, ஹாரனை யாரும் தொடுவதே இல்லை. இந்த அமைதியை நம்பி மனசு எங்கேயோ போய்விடும். ஆபத்து வருவதும் நாம் பழகாத திசையிலிருந்துதான்.

முதலில் மேக்பை. காக்கை அளவில் கறுப்பும் வெள்ளையுமாக, விடியற்காலையில் புல்லாங்குழல் மாதிரி பாடிக்கொண்டிருக்குமே, அதே பறவைதான். ஜூலை வரைக்கும் புல்தரையில் புழு கொத்திக்கொண்டு சாதுவாகத் திரியும். ஆகஸ்டில் கூடு கட்டி முட்டையிட்டதும் ஆளே மாறிவிடும். உங்கள் பயிற்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 30, 32 கிலோமீட்டர் என்று நீண்ட ஓட்டங்கள் எல்லாம் செப்டம்பரில்தான் வரும். மேக்பை உச்சக் கோபத்தில் இருப்பதும் அதே செப்டம்பர்தான். இதற்கு மேல் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

அது எதிரே வராது, பின்னாலிருந்துதான் வரும். முதலில் காதுக்குப் பக்கத்தில் 'விர்' என்று ஒரு காற்று, கூடவே அலகை அடிக்கும் 'டக்' சத்தம். என்ன ஏது என்று திரும்புவதற்குள் மேலே ஏறி எதிர்மரத்தில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் பயம் காட்டுவதோடு சரி. சில நேரம் மண்டையிலும் காதிலும் கொத்தும். எல்லா மேக்பையும் இப்படி இல்லை. தாக்குவது ஆண் பறவை, அதிலும் சில மட்டும்தான். ஆனால் அந்தச் சில, தன் மரத்தைச் சுற்றி நூறு மீட்டர் வரைக்கும் எல்லை போட்டுக்கொள்ளும், மனித முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். கல்லெடுத்து எறிந்தால் அடுத்த வாரம் உங்களை மட்டும் தேடி வரும். போதாததற்கு அது மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் 1975 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, ஆகவே கை ஓங்குகிற வேலையே வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. கண்ணைக் காப்பாற்றுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் கூலிங்கிளாஸ், தலையில் தொப்பி. ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். மேலே பாய்ந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்தபடியே நடந்து எல்லையைத் தாண்டுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பவனை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஓட ஓடத்தான் துரத்தும். மைல் கணக்கு கெட்டுப்போகிறதே என்று வீம்புக்கு ஓடாதீர்கள். சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டைகளைக் குத்திக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி போவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், காரணம் இதுதான். எந்த மரத்தில் தொல்லை என்று மக்களே குறித்துவைக்கும் மேக்பை அலர்ட் என்ற இணைய வரைபடம் இருக்கிறது. சனிக்கிழமை இரவே அதைப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய மைதானங்களில் இன்னொன்று உண்டு, பிளவர் என்பார்கள். முகத்தில் மஞ்சள் சதை தொங்கும். நம் ஊர் ஆட்காட்டிக் குருவியின் நெருங்கிய உறவு, கத்தலும் அதே கத்தல்தான். தரையிலேயே முட்டையிடும், இறக்கை முனையில் முள் வைத்திருக்கும். அது கத்த ஆரம்பித்தால் புல்லை விட்டு ஓரமாக வந்துவிடுங்கள்.

அடுத்து கார்கள். சிக்கல் வேகத்தில் இல்லை, டிரைவர் பார்க்கும் திசையில் இருக்கிறது. இங்கேயும் இடப்பக்கம்தான் வண்டி ஓடுகிறது, அது நமக்கு வசதி. ஆனால் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் டிரைவர், வண்டி வருகிறதா என்று வலப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து ஓடி வந்தால் அவர் கண்ணில் நீங்கள் இல்லவே இல்லை. இடைவெளி கிடைத்ததும் பொசுக்கென்று எடுப்பார். நான் அந்த இடங்களில் காருக்கு முன்னால் போவதே இல்லை, பின்பக்கமாகச் சுற்றிக்கொள்வேன். வீட்டு வாசல் டிரைவ்வேயிலிருந்து பின்னோக்கி வரும் கார்களும் இதே ரகம். உயரமான வேலிக்குப் பின்னாலிருந்து சிவப்பு விளக்குத் தெரிந்தாலே நின்றுவிடுங்கள். மின்சாரக் கார் என்றால் சத்தத்தை நம்பவும் முடியாது.

திரும்பும் வண்டி நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நம்பி ரவுண்டானாவில் கால் வைத்துவிடாதீர்கள், அங்கே வெள்ளைக்கோடு போட்ட கிராசிங் இருந்தாலொழிய டிரைவர் உங்களுக்கு வழிவிடத் தேவையில்லை. புதிதாக வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதுவரை வெளிச்சமாக இருந்த காலை ஆறு மணி அன்றைக்கு மறுபடி இருட்டிவிடும். பளபளக்கும் மேல்சட்டையை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

இனி ஓடைப் பாதைகள். உங்கள் பக்கத்தில் கார்டினர்ஸ் கிரீக், டான்டினாங் கிரீக் பாதைகள் நன்றாக இருக்கும். நடப்பவர், ஓடுபவர், சைக்கிள் எல்லாம் ஒரே பாதை. இடப்பக்கம் ஒட்டி ஓட வேண்டும், சைக்கிள் வலப்பக்கமாகத் தாண்டும். பின்னால் மணி அடித்தால் ஒதுங்கச் சொல்கிறார் என்று நினைத்து நம் ஆட்கள் வலப்பக்கம் தாவுவார்கள். நேராக சைக்கிளின் முன்னால் போய் நிற்பதுதான் அது. மணி கேட்டால் ஒன்றும் செய்யாமல் இருந்த கோட்டிலேயே ஓடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

நாய் இல்லை என்று சொன்னீர்கள். இருக்கிறது, கூடவே சொந்தக்காரரும் இருப்பார். அவர் பாதையின் இந்த ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நாய் அந்த ஓரத்தில் புதரை மோந்துகொண்டிருக்கும். நடுவே முழங்கால் உயரத்தில் நீண்டு சுருளும் வகைக் கயிறு ஒன்று, ஷூ லேஸைவிட மெல்லிசாக. விடியல் வெளிச்சத்தில் அது தெரியாது. ஆளும் நாயும் எதிரெதிர் ஓரத்தில் நின்றால் நடுவே கயிறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறத் தொடங்கினால் பாம்பும் பாதைக்கு வரும். டைகர் ஸ்நேக், ஈஸ்டர்ன் பிரவுன் இரண்டுமே மெல்பர்ன் ஓடைக்கரைகளில் உண்டு, இரண்டும் கடும் விஷம். பார்த்தால் நின்று, அது போகும்வரை விட்டுவிடுங்கள். கடித்துவிட்டால் கழுவாதீர்கள், கீறாதீர்கள், மேலே இறுக்கிக் கயிறும் கட்டாதீர்கள். ஒரு நடைகூட நடக்காமல் உட்கார்ந்து, கிரேப் பேண்டேஜ் என்ற இழுபடும் துணிப்பட்டையைக் கடித்த இடத்தின் மேலும் பிறகு கால் முழுக்கவும் அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து அவசர எண்ணான 000 அழையுங்கள். ஓடைக்கரை ஓட்டத்துக்கு இடுப்புப் பையில் ஒரு பேண்டேஜ் சுருள் வைத்துக்கொள்வது பெரிய பாரமில்லை.

அழைத்தால் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். புதருக்கு நடுவில் என்ன முகவரி சொல்வது? பல பாதைகளில் பச்சைப் பலகையில் மூன்று ஆங்கில எழுத்தும் மூன்று எண்ணும் போட்டிருக்கும். அதைப் படித்துச் சொன்னால் போதும், சரியான இடத்துக்கு வந்துவிடுவார்கள். கடக்கும்போது அந்தப் பலகைகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.

இன்னொன்று, இதை வந்த புதிதில் யாரும் சொல்ல மாட்டார்கள். விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் கட்டணம் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேராது. ஆம்புலன்ஸ் சேவையில் உறுப்பினராக இல்லாதவருக்கு பில் ஆயிரம் டாலரைத் தாண்டும். மாணவர் விசாவில் வந்திருந்தால் உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே அவசர ஆம்புலன்ஸ் அடங்கும். வேலை விசா என்றால் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் 'ஆம்புலன்ஸ் விக்டோரியா' என்ற அந்தச் சேவையில் தனியாள் உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 50 டாலர்தான். இந்த வாரமே கட்டிவிடுங்கள், ஷூ அடுத்த மாதம் வாங்கலாம்.