தவழ்ந்தாவது வருவேன்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். பதினாறு வருடமாக இதே வேலை. சில மாதங்களாகத் தொண்டை கரகரப்பு. ஈஎன்டி டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் பாடவே கூடாது என்றார். நான்காவது வாரத்தில் பள்ளி ஆண்டு விழா. வரவேற்புப் பாடல் எப்போதும் நான்தான் பாடுவேன்.

போன வாரம் பாடகி செலின் டியோன் பற்றிய ஆவணப்படத்தின் டிரெய்லரைப் பார்த்தேன். ‘ஓட முடியாவிட்டால் நடப்பேன், நடக்க முடியாவிட்டால் தவழ்வேன், நிறுத்த மாட்டேன்’ என்று அவர் சொல்லும் இடத்தில் அழுதுவிட்டேன். அன்று இரவே ஏழெட்டு முறை பார்த்தேன். அவ்வளவு பெரிய நோயோடு அவரே போராடும்போது நான் ஏன் பின்வாங்க வேண்டும், பாடிவிடலாம் என்று தோன்றுகிறது. என் கணவர், ‘அது படத்தை ஓட்டுவதற்கான விளம்பரம், அதை நம்பாதே’ என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் ஏமாறவில்லை. உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை. டிரெய்லர் விளம்பரம்தான். ஆனால் அதில் அழுகிற பெண் நடிக்கவில்லை. 2024 மே மாதம் அது வந்தபோது நானும் பார்த்தேன், அந்த வரியில் எனக்கும் தொண்டை அடைத்தது.

அது நம்மை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். கடல் மாதிரி கூட்டம், மேடை வெளிச்சம், நாம் எல்லோரும் டைட்டானிக் காலத்திலிருந்து கேட்டு வரும் அந்தக் குரல். அதற்குப் பக்கத்திலேயே முடியை இழுத்துக் கட்டிய, மேக்கப் இல்லாத ஒரு முகம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து நாம் பதறிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சபதம் வருகிறது. பதற்றத்துக்கு மருந்து போல வருவதால்தான் அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது. ஏழெட்டு முறை பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அதே டிரெய்லரில் இன்னொரு வரி இருக்கிறது. கச்சேரி செய்வது கஷ்டமில்லை, கச்சேரியை ரத்து செய்வதுதான் கஷ்டம் என்கிறார். உங்களுக்கு இது நினைவிருக்கிறதா? கடிதத்தில் இல்லை. எனக்கும் முதல் முறை காதில் விழவில்லை. ஒருவேளை, சபதத்துக்குக் கை தட்டுவது போல இதற்குத் தட்ட முடியாது என்பதால் இருக்கலாம்.

ஐரீன் டெய்லர் இயக்கிய முழுப்படம் இந்த இரண்டாவது வரியைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம். தயவுசெய்து அதையும் பாருங்கள். செலினுக்கு வந்திருப்பது தசைகள் இறுகிப்போகும் ஓர் அபூர்வ நரம்பு நோய். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது என்பார்கள். நோய்க்குப் பெயர் தெரிந்து 2022 டிசம்பரில்தான் வெளியே சொன்னார். உடம்பு காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பதினேழு வருடம் முன்னால். அந்த வருடங்களில் மேடையில் என்ன செய்தேன் என்று படத்தில் சொல்கிறார். குரல் எழும்பாதபோது மைக்கைத் தட்டிப் பார்ப்பாராம், மைக்கில் ஏதோ கோளாறு என்பது போல. உயரமான இடம் வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவாராம். உடம்பைத் தளர்த்தி மேடையேற, ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு மில்லிகிராம் வேலியம் மாத்திரை வரை போயிருக்கிறது. உயிருக்கே உலை வைத்திருக்கும் அளவு அது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்தப் பொய்யை இனிமேல் சுமக்க முடியாது என்கிறார்.

இதை ஒரு பாட்டு டீச்சராகக் கேட்டுப் பாருங்கள். தவழ்ந்தாவது வருவேன் என்ற பிடிவாதம் அவரிடம் அந்தப் பதினேழு வருடமும் இருந்தது. அதன் விலைதான் அந்த மாத்திரைகள்.

2019-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயரே ‘கரேஜ்’, துணிவு. அதே பெயரில் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார். 2020 மார்ச்சில் கொரோனா வந்து நின்றது. மீதிக் கச்சேரிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் 2023 மே மாதம் மொத்தமாக ரத்து செய்தார். துணிவு என்று பெயர் வைத்த பயணத்தை, இனி முடியாது என்று தன் வாயால் சொல்லி நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! டிக்கெட் வாங்கி மூன்று வருடம் காத்திருந்த ஜனங்களிடம் சொல்ல வேண்டும். படத்தில் தன்னை ஓர் ஆப்பிள் மரம் என்கிறார். பழம் வாங்க வரிசையில் நிற்கிறார்கள், கொடுக்கப் பழம் இல்லாதபோது அவர்களை நிற்க வைக்க எனக்கு மனமில்லை என்கிறார்.

படத்தின் இறுதியை நெருங்கும்போது, ஒரு ஒலிப்பதிவு முடிந்து வந்த நாளில், சிகிச்சை மேசையில் படுத்திருக்கும்போதே அவருக்கு வலிப்பு வருகிறது. முதலில் பாதம் இழுக்கிறது. பிறகு கை, முகம், எல்லாம் கட்டையாகிவிடுகிறது. பேச்சு வராது. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிகிறது, முனகல் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கில் மருந்து அடிக்கிறார்கள். கேமரா நகராமல் நிற்கிறது. என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. இந்தக் காட்சியைக் குறைக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் சொன்னது செலினேதான். இத்தனை நிமிட வேதனை எந்த டிரெய்லரிலும் அடங்காது. அதனால் டிரெய்லரைக் குறை சொல்ல மாட்டேன், வாசல் வரை அது உங்களைக் கூட்டி வந்துவிட்டது.

2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மழை இரவில், ஈஃபில் கோபுரத்திலிருந்து பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் பாடலை அவர் பாடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் அவர் செய்த கடைசிக் கச்சேரிக்கும் அதற்கும் நடுவில் நான்கு வருடத்துக்கு மேல் மேடையே இல்லை. உங்கள் டாக்டர் கேட்பது ஆறு வாரம்.

குரல் நாணில் வரும் முடிச்சு பெரும்பாலும் ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் கரைந்துவிடக் கூடியது. அதன்மேலேயே மறுபடி மறுபடி பாடினால்தான் தடித்து இறுகும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வருடம் பாடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். ‘ஜலதோஷம்’ என்று சொல்லாதீர்கள், குரலில் முடிச்சு என்றே சொல்லுங்கள். பதினாறு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், வரவேற்புப் பாடலைப் பாட உங்கள் வகுப்பில் நாலு பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்? நீங்கள் ஆர்மோனியத்தில் உட்காருங்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.