மரத்தடிக்கு அழைத்துப் போங்கள்: மரம் காப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மரங்களையும் காட்டையும் காக்க ஊரைத் திரட்ட முயல்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல ஆண்டுகள் இந்த வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஊர்வலம் போனோம், துண்டறிக்கை கொடுத்தோம். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே தவறுகிறோம்?

பதில்: மரத்தைப் பற்றிப் பேசினீர்கள் சரி, யாரையாவது மரத்தடிக்கு அழைத்துப் போனீர்களா? அடுத்த முறை ஒலிபெருக்கியை விட்டுவிட்டு ஒரு நூல்கண்டு எடுத்துச் செல்லுங்கள். அடிமரத்தின் சுற்றளவைப் பிள்ளைகள் அளக்கட்டும். நான் போன ஓரிடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். கை பாதிகூட எட்டவில்லை. இன்னும் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கை கோத்ததும் கடைசி இரண்டு பேரின் விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன. அன்றிலிருந்து அது ‘நாலு ஆள் மரம்’. பிறகு அங்கே பள்ளம் தோண்ட ஆட்கள் வந்தபோது, “நாலு ஆள் மரத்தின் வேரில் கை வைக்காதீர்கள்” என்று முதலில் ஓடி வந்தவர், எங்கள் கூட்டம் ஒன்றுக்குக்கூட வராத ஒரு பெரியவர்.

கேள்வி: ஒரே நாளில் ஆயிரம் கன்றுகள் நடத் திட்டமிட்டிருக்கிறோம். ஆர்வம் பெருக இது நல்ல வழிதானே?

பதில்: நட்ட அன்று எடுக்கும் படத்தில் ஆயிரமும் பச்சையாக இருக்கும். அடுத்த கோடையில் போய் எண்ணிப் பார்க்கும்போது மனம் கனத்துவிடும். கென்யாவில் 1977-ல் வங்காரி மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். அங்கே கன்று வளர்த்த பெண்களுக்குப் பிழைத்து நின்ற கன்றுகளைக் கணக்கிட்டுச் சிறு தொகை கொடுத்தார்கள். உங்கள் திட்டத்தில் நான் பார்க்க விரும்புவதும் அந்தக் கணக்கைத்தான். ஐம்பது கன்று போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டை முதலில் பிடியுங்கள், பிறகு குழி தோண்டுங்கள். முதிர்ந்த மரம் ஒன்று வெட்டுக்குக் காத்திருக்கிறது என்றால் நடவு விழாவைத் தள்ளிவைத்துவிட்டு அதைக் காப்பாற்றப் போங்கள்.

கேள்வி: காட்டோர மக்கள்தான் விறகு வெட்டி, ஆடு மேய்த்துக் காட்டை அழிக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: இந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அவர்களிடமிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டியது என்ன?

1973-ல் இமயமலையின் மண்டல் கிராமத்தார், உழவுக் கருவி செய்யச் சில மரங்கள் கேட்டார்கள். வனத்துறை மறுத்துவிட்டு, அதே காட்டு மரங்களை விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காக்கும் சிப்கோ இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மறித்தார். 1970-ல் அலக்நந்தா ஆற்று வெள்ளத்தைப் பார்த்திருந்த பெண்கள் அவர்கள். மலைச்சரிவில் மரம் போனால் மண்ணும் போகும் என்பதை யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவை இருக்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் நடந்ததும் இதுபோன்றதுதான். மரங்கள் அரசுக்குச் சொந்தம் என்று இருந்தவரை, வயலில் தானாக முளைத்த மரத்தை வளர்க்க உழவருக்கு என்ன அக்கறை இருக்கும்? 1980-களில் டோனி ரினௌடோ என்பவர், வெட்டிய கட்டைகளின் வேர் மண்ணுக்குள் உயிரோடு இருப்பதைக் கவனித்து, அதிலிருந்து வரும் தளிர்களைக் கழித்து வளர்க்கும்படி உழவர்களைத் தூண்டினார். மரம் தங்களுடையது என்ற நம்பிக்கை வந்ததும் அந்த முறை ஊர் ஊராகப் பரவியது. இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மீண்டும் மரங்கள் நின்றன.

ஆகவே அறிவுரையோடு போகாதீர்கள். எங்கே எவ்வளவு விறகு எடுக்கலாம், எந்தப் பக்கம் எத்தனை மாதம் மேய்ச்சலை நிறுத்துவது, மீறினால் என்ன தண்டம் என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். காவலும் அவர்களே இருக்கட்டும். 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச்சொத்தை அதைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்பதை ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

கேள்வி: எங்கள் சாலை வேலையில் “மரத்தை வெட்ட மாட்டோம், பக்கத்தில்தான் தோண்டுவோம்” என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எவ்வளவு பக்கத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் 60 செ.மீ. ஆழத்துக்குள் படர்ந்து, கிளைகளின் எல்லையையும் தாண்டிப் போகும். நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். விட்டம் 50 செ.மீ. என்றால், மரத்தைச் சுற்றி 6 மீட்டருக்குள் தோண்டவோ, வண்டி நிறுத்தவோ, ஜல்லி கொட்டவோ கூடாது. அந்த வட்டத்தைச் சுண்ணாம்பால் தரையில் போட்டுவிட்டுப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மனுவைவிட அந்தக் கோடு நன்றாகப் பேசும். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசவும் விடாதீர்கள்.

கேள்வி: நடுவில் பொந்து விழுந்த மரம் ஆபத்து, வெட்ட வேண்டும் என்கிறார்களே?

பதில்: நடுக்கட்டை முன்பே உயிரற்ற பகுதி. மரத்தின் உயிர் வெளிச்சுற்றில் இருக்கிறது. பொந்தோடு நூற்றாண்டுகள் வாழும் மரங்கள் உண்டு. மரங்களைப் படித்த ஒருவர் நேரில் பார்க்கட்டும், பெரும்பாலும் பாரமான கிளையைக் குறைத்தாலே போதும். ஆந்தையும் கிளியும் அந்தப் பொந்தை நம்பி இருக்கின்றன.

கேள்வி: இலை கொட்டுகிறது என்று பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வருகிறார்.

பதில்: அவர் வாசலைக் கூட்டுபவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். சருகை வாரி வந்து அந்த மரத்தடியிலேயே பரப்புங்கள், அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

கேள்வி: ஆறு மாதம் போராடியும் எங்கள் மரத்தை வெட்டிவிட்டார்கள். குழுவில் யாரும் இப்போது பேசிக்கொள்வதுகூட இல்லை. இனி என்ன செய்வது?

பதில்: படிக்கும்போதே வலிக்கிறது. வேரைப் பிடுங்காமல் விட்டிருந்தால், எல்லோரையும் அந்தக் கட்டையருகே ஒரு மாலை வரச் சொல்லுங்கள். அகன்ற இலை மரங்களில் பல வகை மீண்டும் துளிர்க்கும். விளிம்பில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சிவந்த சிறு மொட்டுகள் தெரிகின்றனவா என்று குனிந்து பாருங்கள். தளிர்கள் முழங்கால் உயரம் வந்ததும் வலுவான இரண்டை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். ஆடு கடிக்காமல் முள்வேலி போடுங்கள். வேலிக்குக் குச்சி நட நாலைந்து பேராவது வேண்டும், பேச்சை அங்கே தொடங்கலாம்.