பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, அடுத்து என்ன?

இந்த மாசம் வந்த லெட்டர், மெயில், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் உக்காந்து பாத்ததுல ஒண்ணு கவனிச்சேன். முக்கால்வாசிப் பேர் கேக்கறதே கடை ரேக்குல ஒட்டியிருக்கற பேரை வச்சுத்தான். "சரித்திர நாவல் சொல்லுங்க", "க்ரைம் சொல்லுங்க", "கதையே வேணாம், நிஜமா நடந்தது மட்டும் சொல்லுங்க"ன்னு. நான் நிறைய பேருக்கு நீங்க கேட்ட ரேக்கை விட்டுட்டு பக்கத்து ரேக்கைத்தான் கை காட்டியிருக்கேன், கோவிச்சுக்காம படிச்சுப் பாருங்க.

கே: அக்கா, பொன்னியின் செல்வன் ரெண்டு தடவை முடிச்சுட்டேன், இப்ப மூணாவது தடவை ஓடுது. வேற எந்த சரித்திர நாவலை எடுத்தாலும் 30 பக்கத்துக்கு மேல போகல. அதே மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன். (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: மூணாவது தடவை அதையே எடுக்கறது தப்பே இல்ல தம்பி, எங்க வீட்லயும் அந்த அஞ்சு பாகமும் முதுகு பிரிஞ்சு நூல் கட்டித்தான் இருக்கு. ஆனா உங்கள இழுத்தது நிஜமாவே சோழர்தானா? ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீராணம் ஏரிக்கரை மேல குதிரையில வர்றானே வந்தியத்தேவன், அவன்தானே. முன்னாடி என்ன காத்திருக்குன்னே தெரியாம, வாய்த்துடுக்கையும் தைரியத்தையும் மட்டும் வச்சுக்கிட்டு ஒரு பெரிய உலகத்துக்குள்ள நுழையற இளவட்டம். அவனைத் தேடி அடுத்த சோழர் கதை, அதுக்கடுத்த பல்லவர் கதைன்னு போனீங்கன்னா கிரீடமும் வாளும் கிடைக்கும், அவன் கிடைக்கமாட்டான். எனக்கு அவன் மறுபடி கிடைச்சது ப.சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி'யில.

1972-ல வந்த நாவல் இது. ராஜா கிடையாது, கோட்டை கிடையாது. ரெண்டாம் உலகப்போர் நடக்குது, சுமத்ராவுல மேடான் ஊருக்குள்ள ஜப்பான் பட்டாளம் நுழையுது, அங்க வட்டிக்கடைகள்ல அடுத்தாளாவும் பெட்டியடிப் பையனாவும் வேலைக்குப் போன நம்ம பக்கத்து ஆளுங்க தெருவோரம் நின்னு அதைப் பாக்கறாங்க. அதுல பாண்டியன்னு ஒருத்தன், கணக்கு எழுதப் போனவன், அப்புறம் நேதாஜி படைக்குப் போறான், அதுக்கப்புறம் எங்கெங்கயோ போறான், அதை நான் சொல்லமாட்டேன். சிங்காரமே சிங்கம்புணரியில பிறந்து சின்ன வயசுல மேடானுக்கு வேலைக்குப் போனவர், அதனால அந்தத் தெருவும் கடையும் பேச்சும் யார்கிட்டயோ கேட்டு எழுதினது இல்ல. மலாக்கா ஜலசந்தியில தொங்கான்ங்கற சரக்குக் கப்பல் புயல்ல மாட்டற இடத்தை நான் ராத்திரி ஒரு மணிக்குப் படிச்சேன், முடிக்கறப்பதான் பாத்தேன், கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுட்டு இருந்திருக்கேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கல்கி பொன்னியின் செல்வனை வாரப் பத்திரிகையில தொடரா எழுதினவர், 1950-ல ஆரம்பிச்சு ஏறக்குறைய மூணரை வருஷம் வாராவாரம் வாசகரை அடுத்த இதழுக்கு வரவழைக்கணும், அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயம் முடியறப்பவும் ஒரு கொக்கி மாட்டியிருக்கும். சிங்காரம் அப்படி எந்தக் கொக்கியும் போடமாட்டார். மலாய்ச் சொல்லு நிறைய வரும், நடுவுல சட்டுனு மதுரைக்கும் சின்னமங்கலம் சந்தைக்கும் தாவும், யார் பேசறான்னு குழம்பும். முதல் 50 பக்கம் பல்லைக் கடிச்சுட்டுப் போயிருங்க, புரியாத சொல்லுக்கு நிக்காதீங்க.

அது முடிச்சும் சரித்திரம்தான் வேணும்னா பிரபஞ்சனோட 'மானுடம் வெல்லும்'. 18-ஆம் நூற்றாண்டு புதுச்சேரி, பிரெஞ்சுக்காரங்க ஆட்சி, அவங்களுக்குத் துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1736-லேர்ந்து 1761 வரைக்கும் எழுதி வச்ச நாட்குறிப்பு நமக்கு இருக்கு, நாவலைப் படிச்ச சூட்டோட அதுலயும் ஒரு பாகத்தைப் புரட்டிப் பாருங்க. துணி வியாபாரம், கவர்னர் வீட்டு அரசியல், யார் யாருக்கு என்ன மரியாதை பண்ணாங்கன்னு எல்லாமே இருக்கும்.

கே: த்ரில்லர் மட்டும்தான் படிப்பேன். கொலைகாரன் யாருன்னு கடைசி பக்கம் வரைக்கும் தெரியக்கூடாது. ஒண்ணு சொல்லுங்க. (ஈரோடு வாசகர்)

ப: முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடற ஒண்ணு சொல்றேன். பூமணியோட 'வெக்கை', 1982. 15 வயசுப் பையன், அண்ணனைக் கொன்னவனை வெட்டிட்டு ஓடறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டுலயும் கண்மாய்க்கரையிலயும் ஒளிஞ்சு திரியற சில நாள்தான் கதை. 'அசுரன்' படம் பாத்திருந்தாலும் பரவால்ல, படத்துல இல்லாதது நாவல்ல நிறைய இருக்கு. முக்கியமா அந்தச் சாப்பாடு. போலீஸ் தேடிட்டு இருக்கறப்ப அப்பன் அடுப்பு மூட்டி மகனுக்குப் பொங்கிப் போடறான் பாருங்க, அந்தப் பக்கங்கள்ல இருக்கற பதைபதைப்பு எனக்கு எந்தத் துப்பறியும் கதையிலயும் வரல.

கே: 36 வருஷம் பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனேன். படிச்சதெல்லாம் வரலாறு, வாழ்க்கை வரலாறு, பொருளாதாரம். நாவல்னா ஒருத்தர் கற்பனையா எழுதினதுதானே மேடம், 64 வயசுல அதுக்கு எதுக்கு நேரம் செலவு பண்ணணும்? (சேலம் வாசகர்)

ப: சார், நீங்க நேராக் கேட்டதுக்கு நானும் நேரா பதில் சொல்றேன். பி.எச்.டேனியல்னு ஒரு டாக்டர், மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்களுக்கு வைத்தியம் பாத்தவர். அங்க என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே கேட்டவர். ஒரு ரிப்போர்ட்டா எழுதியிருக்கலாம், புள்ளிவிவரம் போட்டிருக்கலாம். அவர் 1969-ல இங்கிலீஷ்ல 'ரெட் டீ'ன்னு நாவலா எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு'ன்னு தமிழுக்குக் கொண்டு வந்தார். உங்களுக்கு இதை ஏன் சொல்றேன்னா, கணக்குப் புத்தகம் தெரிஞ்சவருக்கு இது வேற மாதிரி படும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துலேர்ந்து கருப்பனும் வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கற மேஸ்திரி குடுத்த முன்பணத்தை வாங்கிட்டு மலை ஏறறாங்க. ஒரு வருஷம் வேலை செஞ்சா கடன் தீரும், மிச்சக் காசோட ஊருக்குத் திரும்பலாம்னு நம்பிக்கை. வருஷக் கடைசியில கணக்குப் பாக்கறாங்க. அரிசி, கம்பளி, காய்ச்சல்ல படுத்த நாளுக்குப் போன கூலி எல்லாம் கழிச்சுப் பாத்தா கடன் தீரவே இல்ல, இன்னொரு வருஷம் இருந்தாகணும். அந்தக் கணக்குப் பாக்கற இடத்தை நீங்க நிதானமா படிங்க சார். பற்று வரவு எத்தனையோ லட்சம் பாத்திருப்பீங்க, அதுல ஒரு வரி ஒரு குடும்பத்தை மலையிலேர்ந்து இறங்கவிடாமப் பிடிச்சு வச்சிருக்குன்னு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் இப்படிக் காட்டாது. கற்பனை அங்க உண்மையை மறைக்கல, அதைச் சொல்றதுக்கு ஒரு ஆளைக் குடுக்குது.

இல்ல, எனக்கு நடந்ததுதான் வேணும்னு இன்னும் சொன்னீங்கன்னா உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திரம்' எடுங்க. இது சுத்தமான தன்வரலாறு, ஆனா எனக்கு நாவல் மாதிரிதான் ஓடுச்சு. 1880-ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருக்கறப்ப முனிசீப்பா, அதாவது நீதிபதியா வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பாக்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்கறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு பெரிய பட்டியலா அடுக்கறார், அவர் முகத்துல ஒரு அசைவும் இல்ல. இதெல்லாம் சரி, பழைய நூல் ஏதாவது படிச்சிருக்கீங்களா, சீவகசிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேக்கறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா பாடம் கேட்டவருக்கு அந்த இடத்துல தான் படிச்சது போதலன்னு தெரியுது பாருங்க. அதுக்கப்புறம் ஏடு தேடி, அது ஜைனக் காப்பியம்ங்கறதால ஜைனர்கள் வீட்டுக்குப் போய் அவங்க சமய விஷயங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 1887-ல சிந்தாமணியை அச்சுல கொண்டு வர்றார். புத்தகம் தடிமன், பயந்துடாதீங்க, விகடன்ல தொடரா வந்தது, சின்னச் சின்ன அத்தியாயம். 1942-ல அவர் காலமானதால 122 அத்தியாயத்தோட பாதியில நின்னுபோச்சு. மாயவரத்துக்குப் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட மாணவரா சேர்ற இடத்துலேர்ந்து வேணா ஆரம்பிங்க, ஆரம்பப் பகுதிக்கு நீங்களே திரும்பி வருவீங்க.

கே: புத்தகக் கண்காட்சியில வாங்கின நாவல்ல நடுவுல கதை சம்பந்தமே இல்லாம தாவுது. எழுத்தாளர் வேணும்னே அப்படி எழுதியிருக்காரா? (வாசகி, விருதுநகர்)

ப: பக்க எண்ணைப் பாருங்கம்மா முதல்ல! எனக்கும் இது நடந்திருக்கு. 160-க்கு அடுத்து மறுபடி 145 வந்துச்சு, அது 160 வரைக்கும் போய் அப்புறம் நேரா 177. புத்தகம் அச்சடிக்கறது 16 பக்கம் ஒரு பாரம்னு கணக்கு, பைண்டிங்ல பத்தாவது பாரத்தை ரெண்டு தடவை வச்சு பதினோராவதை விட்டுட்டாங்க. நான் ரெண்டு நாள் அதை ஏதோ புது உத்தின்னு நினைச்சுப் படிச்சு, அந்த நாவலைப் பத்தி தப்பா ஒரு அபிப்பிராயம் வேற வச்சுட்டேன், அந்த எழுத்தாளருக்கு நான் பண்ணின அநியாயம் அது. பில்லோட கொண்டு போனா மாத்தித் தருவாங்க, தந்தாங்க. இனிமே வாங்கறப்பவே ஒரு தடவை விரலால பக்கத்தைச் சரசரன்னு ஓட்டி எண்ணைப் பாத்துருங்க.

கே: ஃப்ரெண்டு ஒருத்தர் நாவல் எழுதியிருக்கார், எங்க ஊர் வாசகர் வட்டத்துல நான்தான் பேசணும்கறார். எனக்கு அது பிடிக்கல. என்ன பேசறது? (சிவகங்கை)

ப: பிடிக்கலங்கறதும் சரியா வரலங்கறதும் வேற வேற, முதல்ல அதைப் பிரிச்சுக்கோங்க. எனக்கு பேய்க்கதை பிடிக்காது, அதுக்காக ஒரு பேய்க்கதையை மோசம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. அவர் என்ன செய்ய நினைச்சார், எந்தப் பக்கத்துல அது கூடி வந்திருக்கு, எங்க நழுவியிருக்குன்னு பக்க எண்ணோட குறிச்சு வச்சுக்கோங்க. நல்லா இருக்கற ஒரு பத்தியைக் கூட்டத்துல சத்தமா வாசிங்க, கதைச் சுருக்கம் மட்டும் சொல்லாதீங்க, அது வந்திருக்கறவங்க படிக்க வேண்டியதை நீங்க பறிக்கற மாதிரி. நழுவின இடத்தைச் சொல்லாம விடாதீங்க. பொய்யா பாராட்டினா அவருக்கே தெரியும், அடுத்த நாவல்லயும் அதே இடத்துல சறுக்குவார். விமர்சகர் க.நா.சு. 1957-ல 'படித்திருக்கிறீர்களா?'ன்னு ஒரு புத்தகம் போட்டார், ஒவ்வொரு நூலையும் எடுத்து இது ஏன் முக்கியம்னு நாலஞ்சு பக்கத்துல சொல்லியிருப்பார். பேசறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு கட்டுரை படிச்சுப் பாருங்க.

கே: பையனுக்கு 12 வயசு, தமிழ்ப் புத்தகம்னாலே ஓடறான். (தாய், கோவை)

ப: சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. குழந்தை பெத்துக்கக்கூட அரசாங்கம் அனுமதி தரணும்கற ஒரு எதிர்காலம், ஜீனோன்னு ஒரு ரோபோ நாய், அது புத்தகம் படிக்கும். முதல் மூணு அத்தியாயம் நீங்க வாசிச்சுக் காட்டிட்டு, நாய் வந்தப்புறம் வேலை இருக்குன்னு எழுந்து போயிருங்க.

கே: மொழிபெயர்ப்பு எடுத்தா பேரே வாயில நுழைய மாட்டேங்குது, விட்டுடறேன். (காரைக்குடி)

ப: பெருசுல ஆரம்பிக்காதீங்க. சிங்கிஸ் ஐத்மாத்தவோட 'ஜமீலா', சின்னப் புத்தகம், மனசுல வச்சுக்க வேண்டியது மூணே பேர்தான். போர்க்காலம், ஆம்பளைங்க எல்லாம் போர்முனையில, ஜமீலாவும் தானியாரும் ஒரு பையனும் தானிய வண்டி ஓட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போய் வர்றாங்க. திரும்பி வர்ற ராத்திரியில யாரோடயும் பேசாத தானியார் பாட ஆரம்பிப்பான். அப்படியே பக்கத்து மொழிக்கு வாங்க, தகழியோட 'செம்மீன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு. பெரிய ரஷ்ய நாவலுக்குப் போறப்ப ஒரு அட்டையில பேரையும் உறவுமுறையையும் எழுதிப் பக்க அடையாளமா வச்சுக்கோங்க, நான் இன்னும் அப்படித்தான் பண்றேன்.

கே: அக்கா, நான் நர்ஸ். நைட் ட்யூட்டி முடிச்சு வந்தா தூக்கம் வர்றதுக்கு முன்னாடி 20 நிமிஷம்தான் கிடைக்குது. ஃபோனைப் பாத்தே போயிடுது. எனக்கு என்ன புத்தகம்? (தஞ்சாவூர்)

ப: ரெண்டு சொல்றேன்ம்மா. உடம்பு ரொம்ப அலுத்த நாளுக்கு 'நடந்தாய் வாழி காவேரி', சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதினது. தலைக்காவேரியிலேர்ந்து கடல் வரைக்கும் ஆத்தோட கூடவே போன பயணம். எங்க வேணா திறந்து நாலு பக்கம் படிச்சுட்டு மூடிடலாம், உங்க ஊருக்கு வர்ற தண்ணிதானே அது.

மனசு தெளிவா இருக்கற நாளுக்கு தாராசங்கர் பந்தோபாத்யாயவோட 'ஆரோக்கிய நிகேதனம்', வங்காளத்துலேர்ந்து த.நா.குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது. ஜீவன் மஷாய்னு ஒரு கிராமத்து வைத்தியர், நாடி பிடிச்சே சாவு வர்றதைச் சொல்லிடுவார். இங்கிலீஷ் வைத்தியம் படிச்சுட்டு புதுசா வந்த டாக்டருக்கு அது அக்கிரமமா படுது, நோயாளிகிட்ட எப்படி நீ பிழைக்கமாட்டேன்னு சொல்லலாம்னு. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். சொந்த மகன் கையைப் பிடிச்சுப் பாத்து அவருக்கே தெரிஞ்சுபோற இடம் ஒண்ணு வரும். எங்கப்பா ஐசியூல இருந்த 11 நாள், வெளிய பெஞ்சுல உக்காந்து நான் இதைத்தான் படிச்சேன். அப்ப ஒரு நர்ஸ் ராத்திரி மூணு மணிக்கு வந்து, மானிட்டர்ல எல்லாம் தெரிஞ்சும், அப்பா மணிக்கட்டைத் தனியா பிடிச்சுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் விடாம வச்சிருந்தாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. நீங்க படிச்சுட்டு எனக்கு எழுதுங்கம்மா, உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.