கடலோர வீட்டுக்கு எந்த ஸ்டீல்?

கேள்வி: மாடிப்படிக்கு ‘துருவே பிடிக்காது’ என்று சொல்லி ஸ்டீல் கைப்பிடி போட்டார்கள். வருடம் திரும்புவதற்குள் பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டவில்லையே, அப்போது நல்ல ஸ்டீல்தானே? ரப்பர் பால் வெட்டும் கத்திக்கும் இது ஆகுமா?
- வாசகி, குளச்சல்

பதில்: காந்தத்தை நம்பாதீர்கள் அம்மா. கடையில் கிடைக்கும் 202, 304, 316 என்ற ஸ்டீல் கிரேடுகள் (தர வகைகள்) மூன்றிலுமே அது பெரும்பாலும் ஒட்டாது. ஸ்டீலைக் காப்பது குரோமியம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கும். உப்புக்காற்றிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். விலை மலிவான 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நாகர்கோவிலில் வீட்டுக்குள் என்றால் அது போதும். குளச்சல், முட்டம் கரைக்கு 316தான். அதில் குளோரைடைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் உண்டு. கடலோர வேலைக்கு என் பட்டறையில் வேறு எதுவும் போடுவதில்லை. பில்லில் கிரேடு எண்ணை எழுதி வாங்குங்கள்.

இப்போதைக்கு அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம்; அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். வெல்டிங் வைத்த இடம் நீலமும் கறுப்புமாக இருக்கிறதா என்று பாருங்கள். துரு முதலில் கிளம்புவது அங்கேதான். அந்தக் கறையை நீக்கும் அமிலப் பசையான பிக்ளிங் பேஸ்ட்டைப் பட்டறைக்காரரிடம் சொல்லிப் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், கத்திக்கு இது ஆகாது. காய்ச்சித் தோய்த்தாலும் 304 கடினமாகாது. கார்பன் கூடிய ஸ்டீல்தான் கூர் நிற்கும்.