ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கியும் களைப்பு தீரவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோடு பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளர். ஆறேழு மாதமாகக் காலையில் எழும்போதே அடித்துப் போட்டாற்போல இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் நெஞ்சில் பாரம் ஏறுகிறது. ஒரு கடன் விண்ணப்பத்தை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறுவதில்லை. உயிர்வாழ் சான்று கொடுக்க வந்த ஒரு பெரியவரிடம், மெஷினில் கைரேகை விழவில்லை என்பதற்காகக் கத்திவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மாஸ்டர் செக்கப்பில் எல்லாம் நார்மல். இது நோயா, சோம்பேறித்தனமா? தூக்கம் வராத நாட்களில் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். சரியா?

பதில்: முதலில் அந்த நெஞ்சுப் பாரம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் மனம் சார்ந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 41 வயதில் அதை ஊகத்துக்கு விடக்கூடாது. மாடிப்படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது வருகிறதா, வியர்க்கிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து, அந்த 'எல்லாம் நார்மல்'. பல மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் வைட்டமின் பி12 இருக்காது, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இருக்காது. சைவச் சாப்பாட்டுக்காரர் என்றாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றாலோ பி12 குறைவு சகஜம். களைப்பு, மறதி, எரிச்சல் எல்லாமே அதில் வரும். தைராய்டு பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இன்னொன்றை உங்கள் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்: பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். அப்படியிருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்பு போகாது.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு மிஞ்சுவது ஒரு விஷயம்: பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகக் கருதவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. சோம்பேறிக்கு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு கனக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்தப் பெரியவர்தான். களைப்பு எல்லோருக்கும் வரும். மார்ச் மாதத்தில் களைக்காத வங்கிக்காரர் உண்டா? பர்ன்அவுட்டைக் காட்டிக்கொடுப்பது எதிரே இருக்கும் மனிதரிடம் நாம் நடந்துகொள்வதில் வரும் மாற்றம். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷினில் விழாது. உங்களுக்கே இது நன்றாகத் தெரியும். முன்பு அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வேறு விரலை வைக்கச் சொல்லியிருப்பீர்கள். இப்போது அவர் உங்கள் கண்ணுக்கு வரிசையை நிறுத்துகிற ஒரு தொல்லை. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அதில் மூன்று அம்சங்கள்: உள்ளுக்குள் வற்றிப்போதல், மனிதர்களிடம் ஒட்டாமல் போதல், 'என்ன செய்து என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம். முதலாவது உங்களுக்கு ஆறேழு மாதமாக இருக்கிறது. இரண்டாவது தொடங்கிவிட்டது. மூன்றாவது வருவதற்குள் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மற்ற அறிகுறிகள் சின்னச் சின்னதாக இருக்கும். போன் அடித்தாலே வயிறு கலங்குவது, ரெவ்யூ மீட்டிங் அன்று தலைவலி, எளிய கையெழுத்தைக்கூட நாளைக்குத் தள்ளுவது, வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் போனை நோண்டிக்கொண்டே இருப்பது. பெரும்பாலும் இதை முதலில் பார்ப்பது நாமல்ல, வீட்டில் இருப்பவர்கள்தான். மனைவி ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போகாமல் கேளுங்கள்.

இது மனச்சோர்வு நோயாக இருந்தால் வைத்தியமே வேறு. பிரித்துப் பார்க்க ஒரு வழி உங்கள் துறையிலேயே இருக்கிறது. முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த நாட்களில் அலுவலக வேலை எதையும் தொட முடியாது. மோசடியைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு, ஆனால் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாதிரியே இருக்கிறது! உங்கள் பதவி அதில் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் சேர்ந்திருக்கும் விடுப்பிலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பை மூடிவையுங்கள். நாலைந்து நாளில் பசி எடுத்து, பிள்ளைகளோடு சிரிக்க முடிந்தால் கோளாறு பெரும்பாலும் வேலையில். விடுப்பிலும் பிடித்த எதுவும் பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் அதே இருட்டு தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் போல் ஒரு எண்ணம் ஒருமுறை வந்தாலும் விடுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

விடுப்பு மட்டும் போதுமா என்றால், போதாது. திரும்பி வந்து இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கே போய்விட்டால் வேலையின் அளவைத்தான் குறைக்க வேண்டும். யோகா செய்யுங்கள், நடைபயிற்சி போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குச் சுலபம். ஆள் பற்றாக்குறையான கிளையில் மூச்சுப் பயிற்சி இன்னொரு கிளர்க்கைக் கொண்டுவராது. மண்டல அலுவலகத்திடம் ஆள் கேட்டு எழுத்தில் கொடுங்கள். துணை மேலாளர் பார்க்கக்கூடிய வேலையை அவரிடமே விடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று வந்தது. உங்கள் மணிக்கணக்கை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

அந்த மாத்திரை: சரியில்லை. கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்ததே தப்பு. பெயரைச் சொல்லவில்லை, பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம் வகையாக இருந்தால் சில வாரத்திலேயே பழகிப்போகும், மறதியைக் கூட்டும், மூச்சுத்தடை இருந்தால் அதை மோசமாக்கும், மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எப்போதாவது பாதி என்றால் இன்றோடு நிறுத்திவிடலாம். தினமும் போடும் அளவுக்கு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். அட்டையை இசிஜி எடுக்கப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.