பனிக்கு என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்மன்டனுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. இங்கே நடப்பதாக நான் எழுதும் கதைகளில் பனி நாடகத் திரை மாதிரி பின்னால் தொங்குகிறது என்கிறார்கள் நண்பர்கள். கனடிய எழுத்தாளர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? எதை வாசிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

ஒரே ஒரு கதை போதும், மூன்று முறை வாசியுங்கள். சின்க்ளேர் ராஸின் ‘தி பெயின்டட் டோர்’, 1939இல் வெளிவந்தது. ராஸ் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்தவர், வங்கி ஊழியர். (முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பேச முடியாது. வேண்டாதவர்கள் படித்துவிட்டு வரலாம்.)

தொடக்கமே கணக்குதான். ஜானின் பண்ணையிலிருந்து அவன் அப்பாவின் பண்ணைக்குக் குன்றுகளின் குறுக்கே போனால் 5 மைல். குளிர்காலத்தில் குதிரைவண்டி சுற்றிப் போக வேண்டும், 17 மைல். அதனால் நடந்தே போகிறான், இரவே திரும்பிவிடுவதாகச் சொல்கிறான். புயல் வலுத்ததும் இனி வரமாட்டான் என்று மனைவி ஆன் நினைக்கிறாள். துணைக்கு வந்த பக்கத்துப் பண்ணை ஸ்டீவனுடன் இரவு கழிகிறது. மறுநாள் ஜானைக் கண்டெடுக்கிறார்கள்: வீட்டிலிருந்து ஒரு மைல்கூட இல்லை, தன் சொந்த வேலிக் கம்பியை இரு கையாலும் பிடித்தபடி நின்றவாக்கில் உறைந்திருக்கிறான். காற்றில் வழிதப்பி வீட்டைத் தவறவிட்டான் என்கிறது ஊர். அவன் உள்ளங்கையில் வெள்ளைப் பெயின்ட். ஆன் அன்று பகலில் பொழுதுபோகாமல் கதவுக்கு அடித்தது.

புயலுக்கு அறிகுறியாகக் கதையில் வருவது நிலவைச் சுற்றிய இரட்டை வளையம். அது கவித்துவத்துக்கு வைத்தது அல்ல. உயரத்து மெல்லிய மேகங்களின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் வரும் வளையம், அந்த மேகம் பல சமயம் மோசமான வானிலைக்கு முன்னே வருவது. குடியானவனுக்கு அது வானிலை அறிக்கை. சங்கக் கவிதையின் திணை மொழியில் சொன்னால் முதற்பொருளையும் (நிலம், பொழுது) கருப்பொருளையும் (அந்த நிலத்தில் இருப்பவை) ஊன்றிவிட்டுத்தான் ராஸ் உரிப்பொருளுக்கு (மனித உணர்வு) வருகிறார். நாம் உரியில் தொடங்கி, மேலே பனியைத் தூவுகிறோம்.

தமிழில் இன்னொரு சிக்கல். மார்கழிப் புல்லில் இருப்பதும் பனி, ஆளைக் கொல்வதும் பனி. ‘பனி பெய்தது’ என்று எழுதினால் வாசகர் மனதில் விரிவது கோலம் போட்ட வாசல்தான். ஆகவே அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மைனஸ் 25இல் விழுவது உலர்ந்த மாவு, உருட்டினால் பிடிபடாது. அந்தக் குளிரில் உங்கள் குழந்தைகள் பனிமனிதன் செய்தால் எட்மன்டன்காரர் சிரிப்பார். பூஜ்யத்தை ஒட்டி விழுவது ஈரமானது, மண்வாரியில் ஒட்டி இடுப்பை ஒடிக்கும்.

கையில் இருக்கும் கதையை எடுத்து, பஞ்சு, போர்வை, மல்லிகை என்று பனிக்குச் சொன்ன உவமைகளை எல்லாம் முதலில் அடித்துவிடுங்கள். பிறகு பனி இருக்கும் இடத்தில் மழையை வைத்துப் பாருங்கள். கதை மாறவில்லை என்றால் அந்தப் பனிக்கு அங்கே வேலை இல்லை. வேலை கொடுப்பது எளிது. கடுங்குளிர் இரவில், எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயரைச் செருக மறந்தால் காலையில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிக் கார் கிளம்பாமல் போகலாம். செருக மறந்தது யார், அன்று யாருடைய காரில் ஏறிப் போக வேண்டியதாயிற்று?